ஃபேஸ் இன்வெர்ட்டர் டியூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூப் (வெற்றிடக் குழாய்) வைத்த கிட்டார் ஆம்ப் வாங்கிய எவரும் முதலில் ப்ரீஆம்ப் டியூபை (கிட்டாரின் சிறு சிக்னலைப் பெரிதாக்குவது) மாற்றிப் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் கழித்து பவர் டியூபை (ஸ்பீக்கரை ஓட்டுவது). இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் என்ற இந்த ஒரு டியூபைப் பற்றி அப்புறம்தான் சந்தேகம் வரும். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த டியூபுக்கு என்று தனிக் குரல் ரொம்பக் குறைவு. ஆம்பைத் திருகி அது திணறத் தொடங்கும்போதுதான் அந்தக் குரல் வெளியே வரும். அப்போதும் டியூபைவிட அதைச் சுற்றியிருக்கும் சர்க்யூட்தான் அதிகம் பேசும்.

ஃபேஸ் இன்வெர்ட்டர் என்ன வேலை செய்கிறது?

பேட்டரி இன்வெர்ட்டருக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு அல்லது நான்கு பவர் டியூப் உள்ள ஆம்ப் பெரும்பாலும் 'புஷ்-புல்' வகையாக இருக்கும். மரம் அறுக்க இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்களே, அந்த நீள ரம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ரம்பம் நகராது. பவர் டியூப்களின் கதையும் அதுதான். ஒன்றின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) மேலே ஏறும் அலை போனால், மற்றதற்கு அதே நேரத்தில் அதே அளவில் கீழே இறங்கும் அலை போக வேண்டும். கிட்டாரிலிருந்து வருவதோ ஒரே ஒரு அலை. அதை இரண்டாக்கி, ஒன்றைத் தலைகீழாகப் புரட்டிக் கொடுப்பதுதான் ஃபேஸ் இன்வெர்ட்டரின் வேலை. பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

'ஃபேஸ்' என்ற பெயரே கொஞ்சம் தப்பு. இங்கே அலை நேரத்தில் முன்னே பின்னே நகர்வதில்லை, மேல் கீழாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? ஒரே பவர் டியூப் போதாதா?

சின்ன ஆம்புக்குப் போதும். சத்தம் வேண்டுமென்றால்தான் புஷ்-புல். இதில் வேறு லாபங்களும் உண்டு: டிரான்ஸ்ஃபார்மரில் இரு பக்க நேர்மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இரும்புக் கரு சின்னதாக இருந்தாலே போதும். சப்ளையில் இருந்து வரும் ஹம் (ரீங்கார இரைச்சல்) குறையும். பவர் டியூப்கள் உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளும் (மூல அதிர்வெண்ணைப் போல 2, 4 மடங்கில் வரும் துணை ஒலிகள்) பெருமளவு ரத்தாகும்.

என் ஆம்பில் அது எந்த டியூப்?

பெரும்பாலும் பவர் டியூபுக்கு மிக அருகில் இருக்கும் சின்ன டியூப். ஃபெண்டர் டுவின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் இரண்டிலும் ஆறாவது. நான்கு இன்புட் உள்ள பழைய மார்ஷல்களில் மூன்றாவது. சந்தேகமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஒரு மரப் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சின்ன டியூபையும் மெதுவாகத் தட்டுங்கள். வால்யூமுக்கு முன்னால் இருக்கும் டியூப்கள் ஊமையாக இருக்கும். ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்யூமுக்குப் பின்னால் இருப்பதால், காதை ஸ்பீக்கர் பக்கம் வைத்தால் 'டிக்' என்று லேசாகக் கேட்கும். ரிவெர்ப் இருந்தால் அந்தக் குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், இல்லையென்றால் வேறு டியூப் கேட்டுக் குழப்பும்.

எத்தனை வகை உண்டு? டோனில் வித்தியாசம் தெரியுமா?

கிட்டார் ஆம்ப்களில் நீங்கள் சந்திக்கப்போவது மூன்று.

பழையது பாராஃபேஸ். ஒரு டிரையோடு (சின்ன டியூபுக்குள் இருக்கும் இரண்டு பாதிகளில் ஒன்று) அலையைப் பெரிதாக்கிப் புரட்டும். அதில் ஒரு சிறு பங்கைக் கிள்ளி இன்னொரு டிரையோடுக்குக் கொடுத்தால், அது மறுபடி பெரிதாக்கி மறுபடி புரட்டும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது டியூபின் தயவில் இருக்கிறது. டியூப் வயதானால் சமன் போய்விடும். பழைய ஆம்ப்களின் கரகரப்பில் இதற்கும் பங்கு உண்டு. அந்தக் கரகரப்புக்கு ரசிகர்களும் உண்டு.

அடுத்தது கேத்தோடைன். கான்சர்ட்டினா என்றும் சொல்வார்கள். ஒரே டிரையோடு, பிளேட்டில் (எலக்ட்ரான்களை வாங்கும் முனை) ஒரு ரெசிஸ்டர், கேத்தோடில் (அவற்றை வெளியிடும் முனை) அதே மதிப்பில் இன்னொன்று. ட்வீட் காலத்து (1950-களில் துணி உறையோடு வந்த) ஃபெண்டர் டீலக்ஸ் 5இ3-ல் இரண்டும் 56 கிலோ ஓம். ஒரே மின்னோட்டம் இரண்டு வழியாகவும் ஓடுவதால், பிளேட்டில் எவ்வளவு இறங்குகிறதோ கேத்தோடில் அவ்வளவு ஏறும். சமன் செய்ய யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. அது தானாகவே அமையும். ஒரே குறை, இது அலையைப் பெரிதாக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் கெயின் (பெருக்க விகிதம்) ஒன்றுக்குச் சற்றுக் குறைவுதான். அதனால் இதற்கு முன்னால் ஒரு கெயின் ஸ்டேஜ் கட்டாயம்.

மூன்றாவது லாங்-டெயில்டு பேர். இன்றைக்குப் பெரிய ஆம்ப்களில் பெரும்பாலும் இதுதான். ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, அதைப் பார்த்துச் செய்த மார்ஷல் ஜேடிஎம்45, வாக்ஸ் ஏசி30, பிளாக்ஃபேஸ் காலத்து (1960-களில் கறுப்பு முகப்போடு வந்த) டுவின், எல்லாவற்றிலும் இதே குடும்பம். இதை அடுத்த கேள்வியில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

லாங்-டெயில்டு பேர் எப்படி ஓடுகிறது? அது என்ன 82, 100 கணக்கு?

இரண்டு டிரையோடுகளின் கேத்தோடுகளை ஒன்றாகக் கட்டி, கீழே நீளமான 'வால்' போல ஒரு ரெசிஸ்டர் வைத்தால் லாங்-டெயில்டு பேர். ஒரே குழாயில் வரும் தண்ணீரை இரண்டு வாளிக்குப் பிரிப்பது போல. குழாயின் வரத்து மாறாது. ஒரு வாளிக்கு அதிகம் போனால் மற்றதற்குக் குறைந்தே ஆகும். முதல் டிரையோடின் கிரிட்டில் கிட்டார் அலை ஏறும்போது அது அதிக மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும், இரண்டாவதற்குக் குறையும். இரண்டு பிளேட்டிலும் எதிரெதிர் அலைகள் தயார். போதாக்குறைக்கு இது அலையைப் பெரிதாக்கவும் செய்யும். ஆனால் வந்த அலையை இருவரும் பங்கு போட்டுக்கொள்வதால், அதே டியூபைச் சாதாரண ஸ்டேஜாக வைத்தால் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

வால் ரெசிஸ்டர் முடிவில்லாத நீளமாக இருந்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமமாக இருக்கும். நிஜத்தில் பாஸ்மேனில் அது 10 கிலோ ஓம்தான், பிளாக்ஃபேஸில் 22 கிலோ ஓம். அதனால் அலை முதல் டிரையோடுக்குச் சற்று அதிகமாகவும் இரண்டாவதற்குச் சற்றுக் குறைவாகவும் போய்ச் சேரும். இதைச் சரிக்கட்டத்தான் முதல் பிளேட்டில் 82 கிலோ ஓமும் இரண்டாவதில் 100 கிலோ ஓமும் போடுகிறார்கள். ஆம்பைத் திறந்து பார்த்து "யாரோ தப்பான ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள்" என்று இரண்டையும் 100 ஆக்கியவர்களை எனக்குத் தெரியும். அது தப்பே இல்லை, விட்டுவிடுங்கள்.

இந்தச் சர்க்யூட் கிட்டாருக்காகப் பிறந்ததல்ல. பிரிட்டிஷ் ஒலிப்பதிவு நிறுவனமான இ.எம்.ஐ.யில் வேலை பார்த்த ஆலன் ப்ளம்லைன் 1936-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோவுக்கும் அவர்தான் முன்னோடி.

12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏடி7 போட்டால் என்ன ஆகும்?

முதலில், போடலாமா என்றால் போடலாம். 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயர் இசிசி83), 12ஏடி7, 12ஏயூ7, 12ஏஒய்7, 5751 எல்லாம் சின்ன டியூப் வகைகள், எல்லாவற்றுக்கும் பின் (ஊசிக்கால்) அமைப்பு ஒன்றே. எதுவும் வெடிக்காது. பவர் டியூபின் பயாஸையும் (கிரிட்டில் நிற்கும் எதிர்மறை வோல்டேஜ்) மறுபடி சரிசெய்ய வேண்டியதில்லை.

12ஏஎக்ஸ்7-ன் பெருக்கத் திறன் 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44 சுமார், 12ஏயூ7-க்கு 20-ஐ ஒட்டி. இந்த எண்களை மட்டும் பார்த்து "ஏடி7 போட்டால் சத்தம் நாற்பது சதவீதம் குறையும்" என்று கணக்குப் போடாதீர்கள். 12ஏடி7 அதிக மின்னோட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது, உள்தடை குறைவு. நான்கு 6எல்6 போன்ற பெரிய பவர் டியூப்களை அசராமல் இழுத்துக்கொண்டு போகும். ஃபெண்டர் பிளாக்ஃபேஸ் ஆம்ப்களில் அதைத் தேர்ந்ததும், மார்ஷல் 12ஏஎக்ஸ்7-லேயே நின்றதும் அந்தந்த ஆம்பின் சுபாவத்தோடு ஒத்துப்போகிறது. முன்னது உச்சம் வரை தெளிவாக நிற்கும், பின்னது சீக்கிரம் மூக்கு விடைக்கும்.

சரி, காதுக்கு என்ன தெரியும்? சுத்தமான ஒலியில் வாசித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. காரணம், இந்த ஆம்ப்களில் நெகட்டிவ் ஃபீட்பேக் இருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சிக்னலைத் திருப்பி ஃபேஸ் இன்வெர்ட்டரின் வால் பகுதிக்கே கொடுக்கிறார்கள். பவர் ஆம்பின் கெயினைப் பெரும்பாலும் அந்தச் சுற்றுதான் தீர்மானிக்கிறது. டியூபில் வரும் வித்தியாசத்தை அது அமுக்கிவிடும். வால்யூமைத் திருகித் திருகி, அலையின் உச்சி வெட்டுப்படத் தொடங்கும்போது ஃபீட்பேக்கின் பிடி நழுவும். அந்த இடத்தில் ஏஎக்ஸ்7 கொஞ்சம் முன்கூட்டியே, கொஞ்சம் கரடுமுரடாக உடையும். ஏடி7 சற்று விறைப்பாக நிற்கும். 12ஏயூ7 போட்டால் வித்தியாசம் நிச்சயம் தெரியும், ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. பவர் டியூப் திணறுவதற்கு முன்பே மூச்சு வாங்கியது போல ஒலி தட்டையாகிவிடும்.

இன்னொரு பொறி உண்டு. 5இ3 மாதிரி கேத்தோடைன் ஆம்பில், அதே டியூபின் மறுபாதி அதற்கு முந்தைய கெயின் ஸ்டேஜாக வேலை செய்கிறது. டியூபை மாற்றினால் மாறுவது முக்கியமாக அந்தப் பாதி. "ஃபேஸ் இன்வெர்ட்டரை மாற்றினேன், ஆம்பே புதுசாகிவிட்டது" என்பவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்.

ஃபேஸ் இன்வெர்ட்டர் டிஸ்டார்ஷன் என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

அது எந்தப் பவர் டியூப் என்பதைப் பொறுத்தது. இஎல்84 என்ற சின்ன பவர் டியூபுக்கு உச்சத்தில் சுமார் 10 வோல்ட் கொடுத்தாலே அது நிரம்பிவிடும். 6எல்6-க்கு 50 வோல்ட் வரை வேண்டும். ஆக இஎல்84 ஆம்பில் ஃபேஸ் இன்வெர்ட்டர் வியர்க்கும் முன்பே பவர் டியூப்கள் கைதூக்கிவிடும். 6எல்6 ஆம்பில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லையைத் தொடலாம்.

கேத்தோடைனுக்கு ஒரு தனிக் குணம். பவர் டியூபின் கிரிட் நிரம்பி மின்னோட்டத்தை உறிஞ்சத் தொடங்கினால், கேத்தோடு பக்கத்துக்குச் சட்டென்று பாரம் கூடும். அந்த நொடியில் பிளேட் பக்கத்தின் கெயின் எகிறி, அலையில் ஒரு முள் போல எழும்பும். காதுக்கு அது சுருதியோடு ஒட்டாத ஒரு கீறலாக, சில சமயம் மேல் ஸ்தாயியில் ஒரு நிழல் ஒலியாகக் கேட்கும். சிலருக்கு அதுதான் ட்வீட் ஆம்பின் உயிர். பிடிக்காதவர்கள் பவர் டியூபின் கிரிட்டுக்கு வரிசையாகப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அடக்குகிறார்கள்.

கீழ் ஸ்ட்ரிங்கை அழுத்தி வாசித்தால் 'புஸ்' என்று ஊதிப்போகிறது. டியூபை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஃபேஸ் இன்வெர்ட்டருக்கும் பவர் டியூபுக்கும் நடுவில் இருக்கும் கெபாசிட்டரைப் பாருங்கள். பவர் டியூப் கிரிட் நிரம்பும்போது அந்தக் கெபாசிட்டர் சார்ஜ் ஏறி, கொஞ்ச நேரம் டியூபையே அடைத்துவிடும். மீண்டும் வடிய எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் அளவைப் பொறுத்தது. 220 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால் 22 மில்லி செகண்ட். அதையே 0.022 ஆக்கினால் 5-க்கும் குறைவு. பவர் டியூப்களைத் திணறடித்து வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் எந்த டியூப் மாற்றத்தையும்விட உரக்கக் கேட்கும். ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு உள்ளே நுழையும் கெபாசிட்டரும் அப்படித்தான். பிளாக்ஃபேஸில் அது வெறும் 0.001 மைக்ரோஃபாரட், மார்ஷலில் 0.022. முன்னது அடி பாஸை வாசலிலேயே கொஞ்சம் வடிகட்டிவிடும்.

'பேலன்ஸ்டு' என்று தனி விலைக்கு விற்கும் டியூப் வாங்கலாமா?

நான் வாங்கியிருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லாங்-டெயில்டு பேரில் இரு பாதிகளின் சிறு ஏற்றத்தாழ்வை வால் ரெசிஸ்டரே பெரும்பாலும் சரிக்கட்டும். கேத்தோடைனில் ஒரே ஒரு பாதிதான் அந்த வேலையில் இருக்கிறது, எதோடு எதைச் சமன் செய்வது? மேலும், கொஞ்சம் சமனில்லாமல் இருந்தால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் முழுவதும் ரத்தாகாமல் சற்று மிஞ்சும். அதை 'கதகதப்பு' என்று ரசிப்பவர்களே அதிகம். அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்க உண்டியல் போடலாம்.

கட் கண்ட்ரோல், பிரெசென்ஸ், மாஸ்டர் வால்யூம் எல்லாம் இதோடு எப்படிச் சேர்கின்றன?

பிரெசென்ஸ் அந்த ஃபீட்பேக் சுற்றில் உட்கார்ந்திருக்கிறது. திருகினால் உயர் ஒலிகளுக்கு மட்டும் ஃபீட்பேக் குறையும், அதனால் அவை மேலே தெரியும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய கையோடு ஆம்ப் வீலென்று அலறினால், அதன் இரண்டு பிளேட் வயர்கள் இடம் மாறி ஃபீட்பேக் தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

ஏசி30-ல் ஃபீட்பேக் கிடையாது. அங்கே 'கட்' குமிழ் ஃபேஸ் இன்வெர்ட்டரின் இரண்டு வெளியீடுகளுக்கும் குறுக்கே ஒரு கெபாசிட்டர் வழியாக இணைகிறது. இரண்டும் எதிரெதிர் அலைகள் என்பதால், குறுக்கே வழி திறந்தால் உயர் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். எளிமையான, அழகான யோசனை. கெபாசிட்டர் இல்லாமல் அதே இடத்தில் பொட்டென்ஷியோமீட்டரை மட்டும் வைத்தால் எல்லா ஒலியும் குறையும். அது ஒருவகை மாஸ்டர் வால்யூம்.

மார்ஷல் 2203-ல் மாஸ்டர் வால்யூம் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு முன்னால். அதைக் குறைத்து வாசித்தால் ஃபேஸ் இன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கும், டிஸ்டார்ஷன் முழுக்க ப்ரீஆம்பிலிருந்து. பின்னால் வைத்தால் குறைந்த சத்தத்திலும் அதைத் திணறடிக்கலாம். ஆனால் பவர் டியூபும் ஸ்பீக்கரும் சும்மா இருப்பதால் முழுச் சத்தத்தில் கேட்ட அதே ஒலி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பழுதானால் எப்படித் தெரியும்?

சத்தம் பாதியாகும், எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் கரகரக்கும், பவர் டியூபை மாற்றியும் மாறாது. அப்போது நன்றாக இருக்கும் ஒரு சின்ன டியூபை அங்கே போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஆம்பை அணைத்து, டியூப் ஆறிய பிறகு.

டியூபின் மேல் பழி விழுந்து, குற்றவாளி வேறாக இருப்பதும் உண்டு. என் ஆம்ப் ஒன்றில் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு வாசித்தபோது, இரண்டு பவர் டியூபில் ஒன்றின் பிளேட் சிவந்திருப்பது தெரிந்தது. இழையின் ஆரஞ்சு வெளிச்சம் இல்லை, சாம்பல் நிறத் தகட்டின் நடுவில் அடுப்புக் கம்பி போல ஒரு மங்கிய சிவப்புத் திட்டு. உடனே அணைத்தேன். டியூப்களை இடம் மாற்றிப் போட்டேன். சிவப்பு அதே சாக்கெட்டிலேயே நின்றது. டியூப்களைக் கழற்றிவிட்டு கிரிட் பின்களில் மீட்டர் வைத்தால் ஒரு பக்கம் மைனஸ் 38 வோல்ட், மறு பக்கம் மைனஸ் 24. ஃபேஸ் இன்வெர்ட்டரின் பிளேட்டில் இருக்கும் உயர் வோல்டேஜ், இடையிலிருந்த கெபாசிட்டர் வழியாகக் கசிந்து பயாஸைத் தின்றுகொண்டிருந்தது. கெபாசிட்டரை மாற்றியதும் இரண்டு பக்கமும் ஒன்றானது. அதற்கு முன் ஃபேஸ் இன்வெர்ட்டர் டியூபை இரண்டு முறை மாற்றியிருந்தேன்.

இந்த அளவுகளை நீங்களே எடுக்க நினைத்தால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 400, 500 வோல்ட் நிற்கும். அது ஆளைக் கொல்லும். அதை வடிக்கத் தெரியாதவர் சேஸியைத் திறக்கக் கூடாது. டியூப் மாற்றுவது வெளியிலிருந்து செய்யும் வேலை, அது வேறு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கெட்டுப்போகும்போது. பவர் டியூப் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் மாற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 12ஏஎக்ஸ்7 இங்கே ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் ஓடுகிறது, பல வருடம் தாங்கும். இன்னொரு சௌகரியமும் உண்டு. முதல் ஸ்டேஜில் வைத்தால் தட்டும்போதெல்லாம் 'டிங்' என்று பாடும் மைக்ரோஃபோனிக் டியூப் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு வரும் சிக்னல் ஏற்கெனவே பெரிது, அதன் முன் இந்தப் பாட்டு அமுங்கிப்போகும். பெரும்பாலும் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

என் ஆம்பில் எந்த டியூபைத் தட்டினாலும் ஃபேஸ் இன்வெர்ட்டர் கிடைக்கவில்லையே?

பவர் டியூப்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், ஃபெண்டர் சாம்ப் போல அது 'சிங்கிள்-எண்டடு' ஆம்ப். ரம்பத்தின் இரண்டு முனையையும் ஒரே ஆள் பிடித்திருக்கிறார். அங்கே புரட்டிக் கொடுக்க எதுவும் இல்லை, ஃபேஸ் இன்வெர்ட்டரும் இல்லை.